ஏழில் முத்திரையிட்ட குமிழ்

ஆம்ப்ரோஸ் தன் சொந்தக் குரலில் என்னிடம் கடைசியாகச் சொன்ன சாதாரணப் பேச்சு கோப்பியைப் பற்றியது. "ரூபி, சீனியே போடலயா நீ?" போட்டிருந்தேன். கலக்கத்தான் இல்லை. கரண்டியை எடுத்துக் கொடுத்தேன். தேக்கா சந்தைக்குப் பக்கத்து பிளாட்டில், சமையலறையில் நின்றபடியே கலக்கிக் குடித்தார். பிறகு ஒரு கைலியையும் பல்துலக்கும் பிரஷ்ஷையும் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு இருவரும் பஸ் ஏறினோம். ஆஸ்பத்திரியில் அதற்குப் பிறகும் பேசினார். ஆனால் அது பெயர், வயது, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று படிவங்களுக்குச் சொன்ன பதில். அதை நான் பேச்சில் சேர்ப்பதில்லை.

அது எண்பத்து நான்காம் ஆண்டு. மறுநாள் அவர் தொண்டையிலிருந்த கட்டியை எடுத்தார்கள். குரலில் பெரும்பகுதி அதோடு போனது. கட்டியில் ஒரு பகுதி மட்டும் உள்ளேயே தங்கிவிட்டது. மூன்று மாதம் என்றார் டாக்டர். நான்கு என்றும் சொல்லலாம் என்றார். மிஞ்சிய குரல் மூச்சுக்கு ஒரு படி மேலே இருந்தது. ஆறு கட்டிலும் நான்கு மின்விசிறியும் உள்ள வார்டில் அது என் காதுக்கு வந்து சேரவில்லை.

எழுதிக் காட்டச் சொல்லலாமே என்று எல்லோரும் யோசனை சொன்னார்கள். எழுதினார். 'தண்ணீர்.' 'ஜன்னலை மூடு.' 'உன் அண்ணனைக் கூட்டி வராதே.' ஆனால் அவருக்குப் பேச இருந்தது அதுவல்ல. அவர் சாங்கி விமான நிலையச் சரக்குக் கிடங்கில் குமாஸ்தா. வேலை முடிந்து வரும்போது தினமும் ஒரு கதை கொண்டுவருவார். கதையில் வரும் ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு குரல், ஒரு இழுப்பு, ஒரு இருமல். பத்தொன்பது வருடம் நான் அந்த ஆட்களோடும் சேர்ந்துதான் குடித்தனம் நடத்தினேன். கதையை எழுதச் சொன்னேன். ஒரு வரி எழுதிப் பார்த்துவிட்டுப் பென்சிலைப் போர்வைமேல் வைத்துவிட்டார்.

ஜாலான் புசாரில் ரேடியோ பழுதுபார்க்கும் ரவூப், அவருடைய பள்ளிக்கூடத்துக் கூட்டாளி. விஷயத்தைக் கேட்டதும் சுங்கை ரோட்டுப் பழைய சாமான் சந்தையில் ஒரு சின்ன ஸ்பீக்கர் தேடி எடுத்து, ஒரு சோப்பு டப்பாவுக்குள் வைத்து, சட்டையில் குத்திக்கொள்ளும் மைக்கோடு நாலாம் நாள் வார்டுக்குக் கொண்டுவந்தார். பக்கவாட்டில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ். ஒன்றிலிருந்து பத்துவரை எண் எழுதியிருந்தது. ஆம்ப்ரோஸ் தானே திருப்பிப் பார்த்து மூன்றில் நிறுத்தினார். நான் கைப்பையிலிருந்து நகப்பூச்சு எடுத்து அந்த இடத்தில் சிவப்பாக ஒரு புள்ளி வைத்தேன்.

பெட்டிக்குள்ளிருந்து அவர் வந்தார். கொஞ்சம் மூக்கால் பேசுவதுபோல இருந்தது. ஆனால் அவர்தான்.

"ரூபி, கேக்குதா? கேக்குதுன்னா அழாத, கத சொல்லணும். போன மாசம் கார்கோவுக்கு ஒரு மரப்பெட்டி வந்துச்சு. மேல 'புத்தகம்'னு எழுதியிருக்கு. ஆனா பெட்டி நடக்குது. நெஜமா, ஒரு அடி, ரெண்டு அடி. நம்ம ஜமால் சொல்றான், 'அண்ணே, பேய் லா.' நான் சொன்னேன், பேயின்னா சரக்குச் சீட்டு, ஏர்வே பில், இருக்காதுடா. அப்புறம் ஆளுக்கொரு பக்கம் புடிச்சுப் பலகையத் திறந்தா, உள்ள…"

"யார் இதைக் கொண்டுவந்தது?" என்று கேட்டபடி தலைமை மிஸ்ஸி வந்து நின்றார். நர்ஸை இங்கே மிஸ்ஸி என்போம்.

ஒலியைக் கூட்டும் எந்தக் கருவியும், பொதுக் கட்டடத்துக்குள், பொது ஒலித் தரக் கழகத்தின் சான்றிதழ் இல்லாமல் இயங்கக்கூடாது என்று சுற்றறிக்கை இருக்கிறதாம். அந்த மிஸ்ஸியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வார்டில் பஜனையும் பாட்டுக் கச்சேரியும் நடத்தியவர்களை அவர் பார்த்திருக்கிறார். "ஒரு வாரத்துல வாங்கிடலாம் மா, சும்மா ஒரு செக்கிங்தான்" என்று சொல்லிப் பெட்டியை என் கையிலேயே கொடுத்தார். அவரும் அதை நம்பித்தான் சொன்னார்.

கழகத்தின் அலுவலகம் மூன்றாம் மாடியில் இருந்தது. வாசலில் 'தெளிந்த ஒலி, தெளிந்த சமுதாயம்' என்று நான்கு மொழிகளில் சுவரொட்டி. ஒரு குடும்பம் ஒரு ஒலிபெருக்கியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும் படம். கவுண்டரில் இருந்த பெண் விண்ணப்பத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"உங்க கருவி எந்த வகை அக்கா? வழிபாடு, வணிகம், பொழுதுபோக்கு. மூணுதான் இருக்கு."

"என் வீட்டுக்காரர் பேசறதுக்கு."

"வீட்டுக்காரர்னு கட்டம் இல்லையே." கொஞ்சம் யோசித்தாள். "என்ன பேசுவாரு?"

"கதை."

"அப்ப பொழுதுபோக்கு. ஆனா அதுக்கு மேடைப் படம் வேணும், தீயணைப்பு வழி காட்டணும். வழிபாடுன்னு போட்டுக்கிட்டா சுருக்கமா முடியும்."

வழிபாடு என்று போட்டோம். கேட்போர் எண்ணிக்கை என்ற கட்டத்தில் நான் ஒன்று என்று எழுதினேன். பின்னால் இரண்டு சைபர் விட்டுப்போனதா என்று கேட்டாள். இல்லை என்றேன். ஒலிபெருக்கி எந்தத் திசை நோக்கி வைக்கப்படும் என்ற கேள்விக்கு 'என்னை நோக்கி' என்று எழுதினேன். ஏற்றுக்கொண்டாள். பெட்டியை வைத்துக்கொண்டு ஒரு சீட்டுக் கொடுத்தாள்.

எட்டு நாள் கழித்துக் கடிதம் வந்தது. ஒலிக்குலைவு 11.4 விழுக்காடு. அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு மூன்று. தகுதியில்லை.

கடிதத்தோடு ரவூப் கடைக்குப் போனேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "பதினொன்னா? இந்த டப்பாவுக்கா? தங்கச்சி, பதினொன்னுன்னா மனுஷன் பேசறது தவள கத்தற மாதிரி இருக்கும். நீங்க கேட்டீங்கல்ல, தவளையா பேசுனான்?" மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு என்னோடு வந்தார். பஸ்ஸில் எனக்கு விளக்கிச் சொன்னார். "சுத்தமான ஒரு விசில் சத்தத்த உள்ள விடுவாங்க. பெட்டி அதப் பெருசாக்கும். வெளிய வர்றதுல, உள்ள போகாதது என்ன கலந்திருக்குன்னு மீட்டர் பாக்கும். கலப்படம் எவ்வளவோ அதான் குலைவு. ஆனா மீட்டருக்கும் ஒரு வாய் இருக்கு, அளவா ஊத்தணும். அதுக்குத்தான் அதுல ஒரு குமிழ். ரொம்ப ஊத்தினா மீட்டருக்கே புரையேறும், பழி பெட்டிமேல விழும். ரொம்பக் கம்மியா ஊத்தினா, தன் வயித்து இரைச்சலையே பெட்டியோடதுன்னு சொல்லும். நடுவுல ஒரு எடம் இருக்கு. ஒவ்வொரு பெட்டிக்கும் தேடிப் புடிக்கணும். அவ்வளவுதான் இந்த வேல."

பத்து நிமிடத்தில் எனக்குப் புரிந்தது. நான் தையல் வகுப்பு எடுப்பவள்.

அளவீட்டு அறையின் பொறுப்பாளர் பாலகிருஷ்ணன், முதுநிலை அதிகாரி. சாதாரணமாகப் பேசும்போதும் மேடையில் நிற்பவர்போலப் பேசுவார். பெட்டியின் உரிமையாளர் என்ற முறையில் சோதனையைப் பார்க்க எங்களுக்கு உரிமை உண்டு என்று சொல்லி உள்ளே அழைத்தார். செருப்பை வெளியே விடச் சொன்னார். கருவியின்மேல் நீல வெல்வெட் துணி போர்த்தியிருந்தது. பாலகிருஷ்ணனும் ஜலாலுதீன் என்ற தொழில்நுட்ப உதவியாளரும் ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்துத் துணியைத் தூக்கி, நான்காக மடித்து, மடித்ததற்கு ஒரு பேரேட்டில் கையெழுத்துப் போட்டார்கள். கருவியின் நடுவில் ஒரு குமிழ். அது ஏழில் நின்றது. அதன்மேல் சிவப்பு நாடா ஒட்டி, அரக்கு வைத்து, கழகத்தின் முத்திரை குத்தியிருந்தது.

"அதென்ன சார், ஏழுல கட்டிப் போட்டிருக்கீங்க?" என்றார் ரவூப்.

பாலகிருஷ்ணன் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல முகம் மலர்ந்தார். "எழுபத்து நான்கில் இந்தக் கருவியை நிறுவ வெளிநாட்டிலிருந்து ஒரு நிபுணர் வந்தார். நிறுவி முடித்தபோது குமிழ் ஏழில் இருந்தது. அன்று மாலையே அவர் விமானம் ஏறிவிட்டார். கையேட்டில் 'தேவைக்கேற்ப அமைத்துக்கொள்ளவும்' என்று இருக்கிறது. தேவை என்ன என்று தீர்மானிக்க ஒரு குழு அமைத்தோம். பதினான்கு மாதம் ஆராய்ந்து, தேவை ஏழு என்று குழு முடிவு செய்தது."

"பெட்டிக்குப் பெட்டி மாத்தணும் சார். இத மூணுக்கு எறக்கிப் பாருங்க, ஒரு நிமிஷம்."

"ஐயா, குமிழைத் திருப்பினால் அது அளவீடு அல்ல, அபிப்பிராயம். பத்து வருடமாக இந்த நாற்காலியில் இருக்கிறேன். ஒரு தடவைகூட அதை நான் தொட்டதில்லை. என் தகுதி என்ன என்று என் மேலதிகாரிகள் கேட்டபோது இதைத்தான் சொன்னேன். எழுபத்தொன்பதில் ஒரு இளம் அதிகாரி ஆர்வக்கோளாறில் ஒன்றுக்குத் திருப்பிவிட்டார். குலைவு அப்போதும் அதிகமாகத்தான் காட்டியது. அவர் இப்போது பூங்காத் துறையில் இருக்கிறார்."

"ஒன்னுல வச்சா மீட்டரோட சொந்த இரைச்சல் தெரியும் சார். நடுவுல…"

"நடு என்று ஒரு எண் இல்லை, ஐயா."

ரவூப் மீட்டருக்குப் போகும் வயரைக் கண்ணால் தொடர்ந்து பார்த்தார். பிறகு மிகவும் பணிவாக, "சரி சார். ஒரே ஒரு உதவி. எங்க பெட்டிய எடுத்துடுங்க. விசில் வர்ற வயர நேரா மீட்டர்ல சொருகுங்க. நடுவுல ஒன்னுமே வேணாம்" என்றார்.

ஜலாலுதீன் பாலகிருஷ்ணனைப் பார்த்தார். விதியில் இதற்குத் தடை இல்லை. செருகினார். முள் எழுந்து, கொஞ்சம் நடுங்கி, 11.4இல் நின்றது.

நடுவில் பெட்டியே இல்லை, குறை மீட்டருடையதுதான். நான் உள்ளுக்குள் ஆம்ப்ரோஸிடம் சொல்லத் தொடங்கிவிட்டேன், பெட்டி நாளைக்கு வந்துவிடும் என்று.

பாலகிருஷ்ணன் முள்ளைக் குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "மிகவும் முக்கியமான விஷயத்தைக் கண்டுபிடித்திருக்கிறீர்கள்" என்றார். "இந்த வயர் தகுதியற்றது."

அன்று மாலைக்குள் அறையிலிருந்த பதினாறு வயர்களையும் ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். பதினாறும் 11.4. பதினாறுக்கும் நான்கு மொழிகளில் நிராகரிப்புக் கடிதம் தயாரானது. விண்ணப்பதாரர் என்ற இடத்தில் கழகமே தன் பெயரை எழுதி, தனக்கே தபாலில் அனுப்பிக்கொண்டது. தகுதியுள்ள வயர் இல்லாததால் எல்லா அளவீடும் நிறுத்தப்பட்டது. வயர் குழு ஒன்று அமைக்கப்பட்டது. எங்கள் பெட்டியை வெளியே தர முடியாது, அது இப்போது ஆதாரம் என்றார்கள்.

படியிறங்கும்போது ஜலாலுதீன் பின்னாலேயே வந்தார். "பாய், உங்களுக்குத் தெரிஞ்சது எனக்கும் ஆறு வருஷமாத் தெரியும்."

"தெரிஞ்சு என்ன தம்பி செஞ்ச?"

"துணி மடிச்சேன்." சிகரெட்டைப் பற்றவைத்தார். "இங்க பாஸாகணும்னா ஒரே வழிதான். சத்தமே வராத மாதிரி உங்க பெட்டியக் கொறச்சுக் கொண்டுவரணும். அப்பத்தான் ஏழுல மீட்டருக்குப் புரையேறாது. பெரிய கம்பெனியெல்லாம் அப்படித்தான் பாஸ் வாங்குது. ஆனா பாஸான எடத்துலயே உங்க குமிழுக்கும் சீல் வச்சுடுவாங்க. ஊர்ல மண்டபத்துல எல்லாம் மைக் கேக்க மாட்டேங்குதே, ஏன்னு நெனச்சீங்க?"

"பெட்டி எதுக்குத் தம்பி அப்ப?" என்று நான் கேட்டேன். அவர் சிகரெட்டை மிதித்து அணைத்துவிட்டு மாடியேறினார். கேட்கக்கூடாத இடத்தில் கேட்டுவிட்டேன்.

வார்டுக்குத் திரும்பி ஆம்ப்ரோஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கதை சொல்லும் முறையிலேயே, பாலகிருஷ்ணனுக்கு ஒரு குரல், ஜலாலுதீனுக்கு ஒரு குரல் வைத்து. எனக்கு அது சரியாக வராது. இருந்தாலும் வயர் தகுதியற்றது என்ற இடத்தில் அவர் தோள் குலுங்கச் சிரித்தார். சத்தமில்லாத சிரிப்பு. பிறகு தொண்டையைப் பிடித்துக்கொண்டார்.

"மரப்பெட்டிக்குள்ள என்ன இருந்துச்சு?" என்று கேட்டேன். அவர் கையை அசைத்தார். பெட்டி வரட்டும், பெட்டி வரட்டும்.

மேல்முறையீடு செய்யலாம் என்று பாலகிருஷ்ணன் எழுதியிருந்தார். கழகத்தின் 'தெளிந்த ஒலி மாதம்' தொடக்க விழாவில் மேல்முறையீட்டுக் குழுவினர் எல்லோரும் இருப்பார்கள், பொதுமக்கள் கேள்வி நேரமும் உண்டு. போனேன். முந்நூறு பேர் இருந்தார்கள். மேடையில் பாலகிருஷ்ணன் ஒலிவாங்கியின் முன்னால் இருபத்தைந்து நிமிடம் பேசினார். ஒலிபெருக்கிகள் எல்லாம் கழகத்தின் சான்றிதழ் பெற்றவை. முதல் வரிசைக்கு மட்டும் ஏதோ கேட்டது. முதல் வரிசை கைதட்டினால் இரண்டாம் வரிசை கைதட்டும், அதைப் பார்த்து மூன்றாம் வரிசை. அலை பின்சுவர்வரை போய்ச் சேர்வதற்குள் அவர் அடுத்த கருத்துக்குப் போயிருப்பார். அந்தப் பேச்சை எல்லோருக்கும் அச்சிட்டுக் கொடுத்தார்கள். இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் ஒரு பகுதி:

'சிலர் கேட்கிறார்கள், கேட்கவில்லையே என்று. கேட்பது வேறு, தரம் வேறு. கேட்பதைக் காது தீர்மானிக்கிறது. காதுக்குக் காது மாறும். தரத்தை நாம் தீர்மானிக்கிறோம். நாம் மாறுவதில்லை. பத்து ஆண்டுகளில் இந்த நகரில் ஒலிக்குலைவு குறித்து ஒரு புகாரும் வரவில்லை என்பதைப் பெருமையோடு தெரிவிக்கிறேன்.'

கேள்வி நேரத்தில் என்னை மேடைப்படிவரை கூட்டிப்போய் ஒலிவாங்கியைக் கொடுத்தார்கள். என் கணவருக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கலாம், பெட்டியை மட்டும் கொடுத்துவிடுங்கள், சான்றிதழ் பிறகு வந்தாலும் போதும் என்று சொன்னேன். சொல்லிக்கொண்டே இருக்கும்போது எனக்குப் புரிந்தது, நான் வாயை மட்டும்தான் அசைத்துக்கொண்டிருக்கிறேன். எதிரே முந்நூறு முகங்கள் அன்போடு என்னைப் பார்த்தன. நான் முடித்ததும் கைதட்டினார்கள். பாலகிருஷ்ணன் எனக்கு ஒரு பூச்செண்டு கொடுத்தார். கழகத்தின் செய்தி மடலில் 'நன்றி தெரிவிக்கும் இல்லத்தரசி' என்று என் படம் வந்தது. அதை வார்டில் காட்டவில்லை. அந்தப் பூவைப் பஸ் நிறுத்தத்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டேன். அந்த அருவருப்பு இன்னும் போகவில்லை.

ரவூப் வேறொரு பெட்டி செய்து கொடுத்தார். மிஸ்ஸி அதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். ஏற்கெனவே ஒன்று விசாரணையில் இருக்கும் நோயாளிக்கு இரண்டாவது கருவி கூடாது என்று கழகத்திலிருந்து வார்டுக்குத் தனியாகக் கடிதம் வந்திருந்தது. வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன் என்று டாக்டரிடம் கேட்டேன். ஆக்ஸிஜன் குழாயைக் காட்டினார்.

வயர் குழு கூடியது ஒரு வியாழக்கிழமை. அன்று பிற்பகல் மூன்று மணிக்கு ஆம்ப்ரோஸ் கண்ணைத் திறந்தார். என் கையைப் பிடித்து இழுத்து, பேசத் தொடங்கினார். நீளமாகப் பேசினார். புருவம் ஏறியது, இறங்கியது. ஒரு இடத்தில் வாயைக் கோணலாக வைத்துக்கொண்டார். அது ஜமால் பேசும் இடம் என்று எனக்குத் தெரியும். கடைசியில் இரண்டு கையையும் விரித்து, இவ்வளவுதான் என்பதுபோல என்னைப் பார்த்தார். காதை அவர் வாயருகே வைத்திருந்தேன். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நான் சிரித்தேன். நல்ல கதை என்று சொன்னேன். நாலேகாலுக்கு அவர் போய்விட்டார்.

ஓஃபிர் ரோட்டு மாதா கோவிலில் அடக்கப் பூசை முடிந்து வெளியே நின்றபோது, கிடங்கில் அவரோடு வேலை பார்த்த ஜமால் முகம்மது வந்தார். மரப்பெட்டியைப் பற்றி அவரிடம் கேட்டேன். அவர் நிறைய யோசித்தார். "புத்தகம்னு எழுதின பெட்டியாக்கா? நடந்துச்சா? அப்படி ஒன்னும் வரலையே. அண்ணன் சும்மா கட்டுனதா இருக்கும்." அப்படியானால் அந்தக் கதையின் முடிவு தெரிந்த ஆள் ஆம்ப்ரோஸ் ஒருவர்தான்.

ஐந்து வாரம் கழித்துப் பெட்டி தபாலில் வந்தது. பஞ்சு சுற்றி, தங்க நிறத் தாளில் பொதிந்து. கூடவே சான்றிதழ். ஒலிக்குலைவு: பூஜ்யம். கழக வரலாற்றிலேயே மிகக் குறைந்த அளவு என்று பாலகிருஷ்ணன் தன் கையால் ஒரு பாராட்டு வரி எழுதியிருந்தார். வயர் பிரச்சினை எப்படித் தீர்ந்தது என்றும் கடிதத்தில் இருந்தது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்த வயர்களுக்கு அங்கேயே சான்றிதழ் இருந்ததால் சோதிக்க வேண்டிய அவசியம் எழவில்லை.

ரவூப் கடையில் வைத்துத் திறந்து பார்த்தார். உள்ளே பேட்டரி இல்லை. மூடியின் உட்புறம் ஒரு சின்னச் சீட்டு: 'ஆதாரப் பொருள். பாதுகாப்பு கருதி மின்கலம் அகற்றப்பட்டது.' அகற்றியவர் கையெழுத்து இருந்தது. திரும்பப் போட்டவர் என்ற கட்டம் காலியாக இருந்தது.

"பேட்டரி இல்லாம அளந்திருக்கானுங்க" என்றார் ரவூப். "சத்தமே வரல. வராத சத்தத்துல என்ன கலப்படம் இருக்கும்?" ஸ்க்ரூவை ஒவ்வொன்றாகத் திரும்ப முடுக்கினார். நாலாவது ஸ்க்ரூ கை நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து தேடினார். எழுந்துவர வெகுநேரம் ஆனது.

குமிழுக்குச் சிவப்பு நாடா ஒட்டி முத்திரை வைத்திருக்கிறார்கள், மூன்றில், என் நகப்பூச்சுப் புள்ளிக்கு நேராக. ஒரு விதத்தில் அவர்கள் செய்த ஒரே சரியான அளவு அது.

சான்றிதழை வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். இல்லையென்றால் கருவியைப் பறிமுதல் செய்ய அதிகாரம் உண்டு. அதனால் ஜனவரியில் படிவம் வந்ததும் நிரப்பி அனுப்பிவிடுகிறேன். இரண்டே கேள்விகள். பேசுகிறவரைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. ஒலிபெருக்கி வைத்திருக்கும் திசையில் மாற்றம் உண்டா? இல்லை. கேட்போர் எண்ணிக்கையில் மாற்றம் உண்டா?

இல்லை. ஒன்று.